நன்றியுடன் வெளியிட்ட கடவுச்சொற்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மனிதரை ஆயுசுக்கும் பகைத்துக்கொள்ள வேண்டுமானால் அவரை அடிக்கவோ ஏசவோ தேவையில்லை. கோயில் திருவிழா நோட்டீஸில் அவர் பெயரை விட்டுவிட்டால் போதும். மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆறுமுகம் என்பவருடைய பெயர் ஒரு வருடம் விடுபட்டுப் போயிற்று. (அச்சகத்தில் நடந்த பிழை. யார் கேட்டார்கள்?) அவர் அந்த வருடத் திருவிழாவுக்கு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. மூன்றாம் வருடம் தன் மகள் கல்யாணத்துக்குக் கமிட்டிக்காரர் ஒருவரையும் அழைக்கவில்லை. ஆகவே உதவி செய்தவர் பெயரை ஊரோடு சேர்த்து, எழுத்துப் பிசகாமல் போட்டுவிட வேண்டும் என்பது எனக்குப் பால் குடித்த காலத்திலிருந்தே வந்த பயம்.

அந்தப் பயத்தினால்தான், இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் ஒரு நாள், ஹட்டனிலும் கொட்டகலையிலும் வாழ்ந்த இருபத்தொரு பேருடைய கடவுச்சொற்களை, அவர்களுடைய பெயர், மின்னஞ்சல் முகவரி சகிதம், நன்றியோடு உலகத்துக்கு வெளியிட்டேன். அதுவும் கடவுச்சொற்களைக் காப்பாற்றுவதற்கென்றே இருந்த ஒரு மென்பொருளின் பொறுப்பாளன் என்ற முறையில் வெளியிட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் மேய்ந்ததோடு நிற்காமல் அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் கடிதம் போட்டு அழைத்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதை நடத்தியவர் தவராசா சேர். யாழ்ப்பாணத்துக்காரர். மலையகப் பாடசாலைகளில் இருபது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பிப் போகாமல் ஹட்டனிலேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்துவிட்டார் என்பதும் ஒரு மகள் இருக்கிறாள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. கேட்கும் தைரியம் உள்ளவர்கள் அந்த மாடியில் வேலை செய்யவில்லை.

அந்தக் காலத்தில் திறந்த மூல மென்பொருள் எனக்கு ஒரு மதம் மாதிரி. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒன்றாகத் திரட்டி, ஒரு பெரிய கூட்டுறவுக் கடை போல நடத்தி வந்தார்கள். ஒவ்வொரு மென்பொருளையும் ஒருவர் பொறுப்பெடுத்து, சுத்தம் பார்த்து, பொதியாகக் கட்டி, கடையில் வைக்க வேண்டும். பிழை வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பாளர் விட்டுவிட்டுப் போன பொதிகளுக்கு அங்கே 'அநாதை' என்று பெயர். அப்படி ஓர் அநாதையை நான் பொறுப்பேற்றேன். அதற்குத் 'தத்தெடுத்தல்' என்று பெயர். இந்தச் செய்தியை மகிழ்ச்சி தாங்காமல் அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கல்யாணமே கட்டல, அதுக்குள்ள தத்தாடா? யார் வீட்டுப் புள்ள?"

அது பிள்ளை இல்லை, பாதுகாப்பு சம்பந்தமான ஒரு சின்ன மென்பொருள் என்று விளக்கினேன். பாதுகாப்பு என்ற சொல் அம்மாவுக்குப் பிடிபடாததால் 'செக்கியூரிட்டி' என்றேன். அதோடு காரியம் கெட்டது. எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பையன்களில் பாதிப் பேர் கட்டட வாசலில் தொப்பி போட்டு நிற்கும் செக்கியூரிட்டி வேலைக்குத்தான் போவார்கள். ஒரே கிழமையில், ஏழே நாளில், லயம் முழுவதும், படித்த பிள்ளை குமாரு செக்கியூரிட்டிக்குப் போய்விட்டான் என்று துக்கம் விசாரித்தது. யூனிபோம் தைத்தாயிற்றா என்று கேட்டவர்களும் உண்டு. நடந்ததை நினைத்துப் பார்த்தால், தொப்பி போட்டு ஏதாவது வாசலில் நின்றிருந்தால் என்னால் இந்த உலகத்துக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது.

அந்தச் சின்ன மென்பொருளின் வேலை இதுதான். நீங்கள் புதிதாக ஒரு கடவுச்சொல் வைக்கப் போகும்போது, அது எவரும் ஊகிக்கக்கூடிய சொல்லா என்று ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் இருந்தால், "வேண்டாம், வேறு சொல் வை" என்று சொல்லும். பட்டியல் முழுக்க ஆங்கிலச் சொற்கள். எங்கள் ஆட்கள் வைக்கக்கூடிய ஒரு சொல்கூட அதில் இல்லை. முருகன் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால், "அருமையான கடவுச்சொல்" என்று பாராட்டியது. முருகன் என்ற சொல்லை ஊகிக்க முடியாது என்று நம்பும் மென்பொருளை மலையகத்தான் ஒருவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? தமிழ்ச் சொற்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். நல்ல யோசனைதான். நாசம் எப்போதும் நல்ல யோசனையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

இரண்டு கிழமை சொல் சேகரித்தேன். நிலையத்தில் வரவேற்பு மேசையில் இருந்த செல்வராணி அக்கா, மாலை வகுப்புக்கு வரும் ஆசிரியர்கள், கொட்டகலைக் கடைத்தெருவில் தெரிந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி: "பாஸ்வேர்டுன்னா ஒங்களுக்கு என்னா சொல்லு ஞாபகம் வருதுங்க?" எல்லோரும் உதாரணத்துக்கு ஏதோ ஒன்று சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தவராசா சேரிடமும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, ஒரு துண்டுத் தாளில் தன் அழகான கையெழுத்தில் எழுதி, இரண்டாக மடித்து என் கையில் கொடுத்தார். ஒருவர் ஒரு தாளை மடித்துக் கொடுத்தால் அதை எதற்காக மடித்தார் என்று யோசிக்கும் அறிவு எனக்கு அன்று இருக்கவில்லை.

சொற்கள் சேர்ந்தன. இனி நன்றி சொல்ல வேண்டாமா? இந்த இடத்தில்தான் ஆறுமுகம் என் மனக்கண்ணில் வந்து நின்றார். ஒருவர் பெயரையும் விடக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதைக் கொடுத்தவர் பெயரை எழுதினேன். திறந்த மூல உலகத்தில் பெயருக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியும் போடுவது மரியாதை. அதையும் போட்டேன். தலைவர் பெயர் முதலில் வருவதுதான் நோட்டீஸ் முறை என்பதால் தவராசா சேரை முதலாவதாக வைத்தேன். தலைப்பில், "இச்சொற்களை உவந்தளித்தோர்" என்று எழுதி, பொதியைக் கட்டி, இரைந்துகொண்டிருந்த தொலைபேசிக் கம்பி வழியாக ஏற்றினேன். அன்று மாலை பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, தமிழுக்குத் தொண்டு செய்த களைப்பில் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில், பனி விழும் ஏதோ ஒரு வடதேசத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். மிக மரியாதையான கடிதம். "உங்கள் பட்டியலில் சொற்களுக்கு எதிரே ஆட்களின் பெயரும் முகவரியும் இருப்பதைக் கவனித்தேன். இவை அவர்களுடைய உண்மையான கடவுச்சொற்களா? அப்படியானால், இது வேண்டுமென்றே செய்ததா? நான் எதையும் முயன்று பார்க்கவில்லை."

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. (என் பட்டியலை ஒருவர் வாசித்திருக்கிறாரே!) உண்மையான சொற்கள் அல்ல என்று பதில் எழுதத் தொடங்கியவன், ஒரு நிச்சயத்துக்காகச் செல்வராணி அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு ஒரு பாஸ்வேர்ட் சொன்னீங்கள்ல, அது சும்மா சொன்னதுதானே?"

"சும்மா எதுக்குச் சொல்லணும்? நீதானே கேட்ட. என்கிட்ட இருக்கிறதே ஒண்ணுதான், அதைக் குடுத்தேன்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயர், முகவரி, சொல். திருடனுக்கு வேறு என்ன வேண்டும்? பூட்டு, சாவி, வீட்டு விலாசம் மூன்றையும் ஒரே வரியில் எழுதி, கீழே நன்றியும் சொல்லியிருந்தேன்.

அவசரமாகப் பட்டியலை நீக்கி, புதிய பொதி ஏற்றினேன். அந்தக் கூட்டுறவுக் கடையை நடத்துபவர்களுக்கு எழுதினேன். அவர்கள் ஏசாமல், பழைய பொதியை அன்று மாலைக்குள் எடுத்துவிட்டார்கள். ஆனால் பல நாடுகளில் இருக்கும் நகல்களையும், அதற்குள் அதை இறக்கிக்கொண்டவர்களுடைய கணினிகளையும் எவரும் ஒன்றும் செய்ய முடியாது. கொட்டிய பால் கொட்டியதுதான். இன்னொரு சங்கடமும் இருந்தது. பொதியில் எதை மாற்றினாலும் என்ன மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும், அது என்றைக்கும் அழியாது. அரை மணி நேரம் யோசித்து, வேறு வழியில்லாமல் உண்மையையே எழுதினேன்: "என் நண்பர்களுடைய உண்மையான கடவுச்சொற்களை நீக்கினேன்." கீழே என் பெயர். அது இன்றும் அங்கே இருக்கிறது.

இனி ஆட்களைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போனேன். மழை விடவில்லை. குடையோடு வாசலில் நின்று, "ஒங்க பாஸ்வேர்ட ஒலகத்துக்கே சொல்லிப்புட்டேங்க, ஒடனே மாத்திருங்க" என்று சொல்வது மரணச் செய்தி சொல்வதைவிடக் கஷ்டம். மரணச் செய்தியில் நம்மேல் குற்றம் இருக்காது. ஆனால் பெரும்பாலானவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. "என் மெயில்ல என்னா தம்பி இருக்கு, பாத்துட்டுப் போகட்டும், உள்ள வந்து தேத்தண்ணி குடிங்க" என்றார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து பேசினார் ஒரு ஆசிரியர். அவர் கொடுத்திருந்தது ஒரு பெண்ணின் பெயர். அவருடைய மனைவியின் பெயர் வேறு. கொட்டகலையில் ஒரு புடவைக் கடைக்காரருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "இருபத்தொரு பேருகிட்ட கேட்டிருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?" என்றார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. இனிமேல் பட்டியல் போட்டால் நிச்சயம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இருபது பேர் முடிந்தார்கள். மிச்சம் ஒருவர். பட்டியலில் முதலாவதாக இருந்தவரை, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவரை, கடைசியாக வைத்தது பயத்தினால்தான். மூன்றாம் நாள் காலை வகுப்புத் தொடங்குவதற்கு முன் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தச் சொல்லை இப்பவே மாத்திருங்க சேர். நானே மாத்தித் தர்றேன். ரெண்டு நிமிசம்தான்."

"மாத்தேலாது, தம்பி."

"ஏன் சேர்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே ஒரு பஸ் நகராமல் உறுமிக்கொண்டிருந்தது. "அந்த மெயில் பெட்டி என்ரை மட்டும் இல்லை. வதனியின்ரையும்தான்" என்றார்.

அன்றுதான் அவருடைய மகளின் கதை எனக்குத் தெரிய வந்தது. ஐந்து மாதத்துக்கு முன் வதனி ஓர் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டிருக்கிறாள். சேர் போகவேண்டாம் என்றிருக்கிறார். பெரிய சண்டை. வழியனுப்பக்கூட அவர் போகவில்லை. ஏஜென்சிக்காரன் நாலைந்து நாடுகளுக்கு ஊடாகக் கூட்டிப் போய், இப்போது எங்கோ ஓரிடத்தில் வேறு பெயரில் மறைத்து வைத்திருக்கிறான். தொலைபேசியைப் பறித்துவிட்டான். சொந்தப் பெயரில் எங்கேயும் ஒன்றும் பதியக்கூடாது என்று கட்டளை.

"வெளியிலை விடுற நாளிலை எங்கையாவது ஒரு நெற் கபேக்குப் போய் இந்தப் பெட்டியைத் திறப்பாள். எனக்கெண்டு ஒரு காயிதம் எழுதி, அனுப்பாமல் அப்பிடியே வைச்சிட்டுப் போவாள். நான் திறந்து வாசிச்சு, அதுக்குக் கீழை எழுதி வைப்பன். இவ்வளவுதான் எங்கடை தொடர்பு. கடைசியா எழுதி ஒரு மாசமாகுது. இப்ப நான் சொல்லை மாத்தினால், அவள் வந்து பழசை அடிப்பாள். பிழை எண்டு வரும். அப்பா கதவைச் சாத்திப்போட்டார் எண்டு நினைப்பாள். பிறகு வரமாட்டாள். எனக்கு என்ரை பிள்ளையைத் தெரியும்."

மாற்றாமல் விட்டாலும் ஆபத்து. பெட்டிக்குள் அவள் கடந்து வந்த வழியும் இருக்கும் இடமும் எழுதிக் கிடக்கிறது. யாராவது உள்ளே போய் வாசிக்கலாம். விளையாட்டாகச் சொல்லை மாற்றிவிட்டால் தகப்பனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. இதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து வயதில், வரவேற்பு மேசையிலிருந்து செல்வராணி அக்கா பார்த்துக்கொண்டிருக்க, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். சேர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. கைக்குட்டையை எடுத்து நீட்டினார். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் நான் இதை எப்போதோ மறந்திருப்பேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றேன். பார்த்துக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் என் கை நின்றது. கடவுச்சொல் மறந்துபோனவர்களுக்காக அந்தக் காலத்து மின்னஞ்சல்களில் ஒரு ஏற்பாடு இருந்தது. நாமே ஒரு கேள்வியை எழுதி, அதற்குரிய பதிலையும் கொடுத்து வைக்கலாம். சொல் மறந்தவர் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால், புதிய சொல் வைத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

"சேர், ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விசயம் ஏதாச்சும் இருக்குங்களா? வேற ஒருத்தருக்குமே தெரியாதது?"

அவர் ஒரு தாளை எடுத்து எழுதினார். "குஞ்சியம்மா வீட்டுக் கிணத்துக்குள்ளை நீ போட்டது என்ன?"

"என்னா போட்டாங்க சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "அங்காலை திரும்பும்."

"சேர், நான் வந்து..."

"திரும்பும், தம்பி. உமக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி."

ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பொறுப்பாளன், பாதுகாப்பு நலன் கருதி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் இன்னொரு பயம் வந்தது. அந்தப் பெட்டியில் தமிழ் எழுத முடியாது. ஆங்கில எழுத்தில்தான் பதிலைக் கொடுக்க வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது ஆளுக்கு ஒரு மாதிரி. ஒருவர் ஒரு 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். ஒரு எழுத்து மாறினாலும் பெட்டி திறக்காது. கலண்டரைப் பார்த்தபடியே இதைச் சொன்னேன்.

பின்னால் மவுஸ் சொடுக்கும் சத்தம் மட்டும் வந்தது. நெடுநேரம் வந்தது. அவர் மகள் எழுதி வைத்த காயிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவள் எந்த எழுத்தை எப்படி எழுதுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள். அரை மணி நேரத்துக்கு மேல் நான் சுவரைப் பார்த்து நின்றேன். வகுப்புக்கு வந்த மாணவர்கள், சேர் என்னைத் தண்டித்து நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், "சரி, திரும்பும்" என்றார். கடவுச்சொல்லையும் மாற்றியிருந்தார். அதையும் எனக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பது மட்டும்தான் மிச்சம். தினமும் எட்டரைக்கு நான் நிலையத்தைத் திறக்கும்போது சேர் படியில் நிற்பார். நேரே கணினிக்குப் போய்த் தன் புதிய சொல்லை அடிப்பார். நான் கேட்காமலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். "திறந்திட்டுது" என்பார். அந்தச் சொல்லை இவ்வளவு துக்கத்தோடு ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. திறந்தால் அவள் வரவில்லை என்று அர்த்தம். அவள் வந்திருந்தால், கேள்விக்குப் பதில் சொல்லி, புதிய சொல் வைத்திருப்பாள். சேருடைய சொல் வேலை செய்யாது. உலகத்தில் வேறு யாராவது, தன் கடவுச்சொல் பிழை என்று வர வேண்டும் என்று நேர்த்தி வைத்திருப்பார்களா தெரியவில்லை. நான் வைத்தேன். மழையில் நனைந்துகொண்டு கோயிலுக்குப் போய், மூன்று கிழமையும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைத்தேன். அம்மா என்ன வேண்டுதல் என்று கேட்டார். நான் விளக்கினேன். அம்மாவுக்கு அது முழுவதும் விளங்கியது. வதனி என்ற பெயரில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

ஆனால் நான்காம் கிழமை தொடங்கியபோது என் மனது விட்டுப்போயிற்று. அவள் ஏற்கெனவே வந்து, பழைய சொல்லை அடித்து, பிழை என்று கண்டு, அழுதுகொண்டே எழும்பிப் போயிருப்பாள் என்று தோன்றியது. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 'மறந்துவிட்டதா' என்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? சேரும் அதையேதான் நினைத்திருப்பார். ஒரு நாள் படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதற்கு முன் அவர் அப்படி ஏறி நான் கண்டதில்லை.

மறுநாள் நான் வழக்கம்போல் சுவர்ப்பக்கம் நின்றேன். "திறந்திட்டுது" வரவில்லை. விசைப்பலகைச் சத்தம் மறுபடி கேட்டது. மறுபடியும் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.

"தம்பி" என்றார். "பிழை எண்டு வருது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கடவுச்சொல் பிழை என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. என் புத்தியைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த நினைப்பு எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்பதுதான். சேரைப் பார்த்தேன். அவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் மேசையில் ஊன்றியிருந்தன.

"வந்திட்டாள்" என்றார்.

கீழே இருந்த 'மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினார், கிணற்றுக் கேள்வி வந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன். அவர் பதிலை அடித்து, புதிய சொல் வைத்து உள்ளே போனார். அனுப்பாமல் வைத்திருந்த ஒரு காயிதம் கிடந்தது. தானாகச் சத்தமாக வாசித்தார். "அப்பா, முதல்லை நான் பயந்திட்டன். நீங்கள் என்னை வேண்டாம் எண்டிட்டீங்கள் எண்டு நினைச்சன். எழும்பிப் போய்ட்டன். ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப வந்தன். அந்தக் கேள்வியைப் பாத்து, கபேக்காரன் என்னைப் பாக்கப் பாக்க, சிரிச்சன். இன்னும் அதை மறக்கேல்லையோ அப்பா?"

அதற்கு மேல் வாசிக்க அவரால் முடியவில்லை. செல்வராணி அக்கா வரவேற்பு மேசையை விட்டு வந்து, அவர் தோளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

நான் உடனே என் நிபுணத்துவத்தைக் காட்டினேன். "சேர், இனிமே புதுப் பாஸ்வேர்ட அந்தக் கடுதாசியிலயே எழுதி வச்சிருங்க. அவங்களும் அதையே பாவிக்கலாம். ஒவ்வொரு தடவையும் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லைங்க."

"வேண்டாம்" என்றார்.

"ஏன் சேர்?"

"எனக்குப் பிழை எண்டு வரவேணும். வந்தால்தான் அவள் வந்து போயிருக்கிறாள் எண்டு தெரியும்."

அப்படியே ஏழு மாதம் நடந்தது. மகள் வந்து தகப்பனை வெளியே போட்டுப் பூட்டுவாள். தகப்பன் வந்து மகளை வெளியே போட்டுப் பூட்டுவார். இருவரும் அதே கிணற்றுக்குள் இறங்கி உள்ளே வருவார்கள். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பொறுப்பாளனுக்கு இதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய வேதனை. வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருநாள் அவள் போக வேண்டிய நாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சொந்தப் பெயரில் தொலைபேசியில் பேசினாள்.

அந்தப் பொதியை நான் இன்றும் பராமரிக்கிறேன். புதிதாக வருபவர்கள் பழைய மாற்றக் குறிப்புகளை வாசித்துவிட்டு, "இது உண்மையா?" என்று கேட்டு எழுதுவார்கள். எங்கள் வீட்டிலும் நான் யாரிடமாவது எதையாவது கேட்டால், அம்மா குறுக்கே விழுந்து, "சொல்லாதீங்க, பேரோட போட்டுருவான்" என்பார். என் மனைவி அதைக் கற்றுக்கொண்டார். இப்போது பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

போன வருடம் வதனி தன் இரண்டு பிள்ளைகளோடு ஹட்டனுக்கு வந்திருந்தார். சேருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. அவர் உள்ளே படுத்திருந்த நேரம் பார்த்து, இவ்வளவு காலமும் மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "கோவிச்சுக்காதீங்க, அந்தக் கிணத்துக்குள்ள அப்படி என்னாதான் போட்டீங்க?"

வதனி வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். "சொல்லேலாது அண்ணா" என்றார். "அப்பா இப்பவும் அதே பெட்டிதான் வைச்சிருக்கிறார். அதே கேள்விதான்."

இருபது வருடத்துக்குக் கிட்ட ஒரே கேள்வியையும் ஒரே பதிலையும் வைத்திருப்பது பெரிய பாதுகாப்புக் குறை. பொறுப்பாளன் என்ற முறையில் நான் அதைக் கண்டித்திருக்க வேண்டும். "நல்லதுங்க, மாத்திறாதீங்க" என்றேன்.